செய்தித்தொடர்பியலைக் கற்பித்த நூல்கள்: தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு துறையின் வரலாற்றை அத்துறையில் நிகழ்ந்த கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதுவதே பெருவழக்காக உள்ளது. தந்தி, தொலைபேசி, வானொலி, கணினி வலையமைப்பு, இணையம் என்னும் வரிசை பாடசாலை மாணவருக்கும் மனப்பாடமானது. ஆயின், இத்துறையைக் கற்றவர்கள் எந்நூல்களை வாசித்துக் கற்றனர், அந்நூல்கள் எத்தேவை கருதி எழுதப்பட்டன, அவற்றுள் எவை நிலைத்தன, எவை சில ஆண்டுகளுக்குள் வழக்கொழிந்தன என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படுவதில்லை. நூலகத் தட்டின் முன் நிற்கும் மாணவருக்கு இவ்வினாக்கள் அவசியமானவை. எழுநூறு பக்கங் கொண்ட ஒரு நூலை வாசித்து முடிக்க ஒரு தவணை செல்லும். அத்தவணையின் முடிவில், எவரும் என்றும் அமைத்திராத ஒரு வலையமைப்பைப் பற்றியே தாம் கற்றதாக அவர் அறிய நேரிட்டால் அந்த இழப்பை ஈடுசெய்வது எளிதன்று. அவ்வாறு நேர்ந்ததுமுண்டு. அதனைப் பின்னர் நோக்குவோம்.

முதலிற் கவனிக்க வேண்டியது கடலடித் தந்தியின் காலமாகும். நிலத்தின்மீது கம்பிகட்டித் தந்தி அனுப்பிய காலத்திற் கைப்பழக்கமே போதுமாயிருந்தது. கம்பி கடலுக்குள் இறங்கியதும் நிலைமை மாறிற்று. காப்பிடப்பட்ட நீண்ட கம்பி மின்னைத் தன்னுள் தேக்கிவைக்கும் இயல்புடையதாகலின், ஒரு முனையிற் கூர்மையாகப் புறப்படும் குறி மறுமுனையில் மழுங்கிப் பரந்து வந்து சேர்ந்தது. இத்தாமதம் கம்பி நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகும் என்று வில்லியம் தொம்சன் கணித முறையால் நிறுவினார். அத்திலாந்திக் தந்திக் கம்பனியின் மின்னியலாளராயிருந்த வைல்ட்மன் வைற்ஹவுஸ் இதனை ஏற்கவில்லை. தொழிலால் மருத்துவரான அவர் தம் சொந்தப் பரிசோதனைகளை நம்பியவர். 1856இல் செல்ற்றனம் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில், வர்க்க விதி நடைமுறைக்குப் பொருந்தாது என்று அவர் கட்டுரை வாசித்தார். 1858 ஆகஸ்டில் அத்திலாந்திக் கம்பி இணைக்கப்பட்டது. விக்ரோறியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்றுசேரப் பதினாறு மணித்தியாலம் வரை எடுத்தது. தொம்சன் ஆக்கிய நுண்ணிய ஆடிக் கல்வனோமானிக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதுமாயிருக்க, வைற்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே குறைபாடுற்றிருந்த கம்பி சில வாரங்களுள் செயலிழந்தது.

இத்தோல்வியின் விளைவாக அரசாங்கமும் கம்பனியும் இணைந்து ஒரு விசாரணைக் குழுவை அமைத்தன. 1861இல் வெளியான அதன் அறிக்கை, கடலடிக் கம்பி பற்றி அதுவரை அறியப்பட்ட அனைத்தையும், சாட்சியங்களும் அளவைகளும் உட்பட, ஒரே தொகுதியில் திரட்டிற்று. செய்தித்தொடர்பியலில் ஆழ்ந்த நூலறிவுக்கு வழிவகுத்த முதல் தொகுதிகளுள் ஒன்று பாடநூலாக எழுதப்படவில்லை. ஒரு தோல்வியின் விசாரணைப் பதிவாக அது பிறந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் கலி என்பார் எழுதிய செய்முறைத் தந்தியியற் கைந்நூல் வெளிவந்தது. தந்திக் காரியாலயங்களிற் பணிபுரிந்தோர் பெரிதும் கையாண்டவை இத்தகைய கைந்நூல்களே. எக்கம்பியை எங்கு பூட்டுவது, பழுதை எவ்வாறு கண்டறிவது என்பவற்றுக்கு அவை விடை கூறின. ஏன் என்ற வினாவுக்கு அவற்றில் அதிகம் இடமிருக்கவில்லை.

அவ்வினாவை எழுப்பிய ஒரு தந்திப் பணியாளரின் கதை இவ்விடத்தில் விரிவாகக் கூறத்தக்கது. ஒலிவர் ஹெவிசைட் 1850இல் இலண்டனில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். பதினாறு வயதுடன் அவரது பாடசாலைக் கல்வி முடிவுற்றது. பின்னர் டென்மார்க்கிலும் நியூகாசிலிலும் தந்திப் பணியாளராக இருந்தார். கைந்நூல்களை மட்டும் வாசித்து, பதவி உயர்ந்து, ஓய்வூதியம் பெற்று வாழ்ந்திருக்கக்கூடியவர். 1873இல் ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல்லின் மின்னும் காந்தமும் பற்றிய பெருநூல் வெளிவந்தபோது அதனைக் கண்ணுற்றார். அதனை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய கணிதம் அவரிடத்தில் இருக்கவில்லை. ஆயினும் அதனை விளங்கியே தீர்வதென்று துணிந்து, அடுத்த ஆண்டு, தமது 24ஆவது வயதில், வேலையைத் துறந்து பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எங்கும் நிரந்தரமாக வேலை பார்த்ததில்லை.

மக்ஸ்வெல்லின் நூல் கற்பவருக்கு இணக்கமான நூலன்று. அதன் இரு பாகங்களும் ஆசிரியரின் சிந்தனை சென்ற வழியெல்லாம் வளைந்து செல்பவை. முக்கியமான முடிவுகள் பல சமன்பாடுகளாகச் சிதறிக் கிடந்தன. ஹெவிசைட் பல ஆண்டுகள் அதனுடன் போராடி, காவிக் கணிதத்தைத் தாமே அமைத்து, இன்று முதலாண்டு மாணவரும் அறிந்த நான்கு சமன்பாடுகளாக அதன் சாரத்தைச் சுருக்கினார். இது 1880களின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. மக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் என்று நாம் எழுதுபவை உண்மையில் ஒரு வாசகரின் குறிப்புகள் என்று சொன்னாலும் பெரிதும் தவறாகாது.

அவ்வாசிப்பின் நடைமுறைப் பயனும் சிறிதன்று. நீண்ட கம்பியில் தூண்டுதிறனைத் தக்க அளவில் மிகுவித்தால் குறிகள் உருச்சிதையாது செல்லும் என்று ஹெவிசைட் 1887இல் காட்டினார். பிரித்தானியத் தபாற் திணைக்களத்தின் பொறியியலாளர் வில்லியம் பிறீஸ் தூண்டுதிறனைத் தீமையெனக் கருதியவர். ஹெவிசைட்டும் அவர்தம் சகோதரரும் எழுதிய ஆய்வுரையொன்று வெளிவராது தடுத்தவரும் அவரே. நடைமுறை அனுபவம் தம் பக்கம் உண்டென்பது பிறீசின் நம்பிக்கை. முப்பது ஆண்டுகளுக்கு முன் வைற்ஹவுஸ் கொண்டிருந்த நம்பிக்கையும் இதுவேயென்பது மனங்கொள்ளத்தக்கது. இறுதியில், 1900ஆம் ஆண்டளவில், ஐக்கிய அமெரிக்காவில் மைக்கல் பியூப்பின் இக்கருத்தின் அடிப்படையிலான சுருள்களுக்கு ஆக்கவுரிமை பெற்றார். தொலைபேசிக் கம்பனி அவ்வுரிமையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. ஹெவிசைட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இவ்வரலாற்றைக் கொண்டு, மாணவர் யாவரும் கடினமான மூலநூலையே தெரிதல் வேண்டும் என்று வாதிப்போர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மக்ஸ்வெல்லின் நூலை வாங்கித் தட்டில் வைத்தவர் எத்தனை பேர், அவர்களுள் ஹெவிசைட் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இக்கதையிலிருந்து நாம் பெறக்கூடியது மிகச் சிறிய ஒரு முடிவே: கைந்நூல் மட்டும் கற்றவர் அத்தொழிலின் இன்றைய நிலையைக் காத்து நிற்பார், அந்நிலை மாறும்போது அம்மாற்றத்தை அவரால் இனங்காண முடியாது போகலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்துறையின் கோட்பாட்டு அடித்தளம் புதிதாக இடப்பட்டது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குளோட் ஷனன் 1948 யூலையிலும் ஒக்ரோபரிலும் அந்நிறுவனத்தின் தொழினுட்பச் சஞ்சிகையில் இரு பகுதிகளாக ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். செய்தியின் பொருள் யாதாயினும் அதன் அளவைக் கணிக்கலாம் என்பதும், இரைச்சல் மிக்க வழியிலும் ஒரு வரம்புக்குட்பட்ட வேகத்திற் பிழையை வேண்டிய அளவுக்குக் குறைத்துச் செய்தி அனுப்பலாம் என்பதும் அதன் முடிபுகள். அடுத்த ஆண்டில் வொறன் வீவரின் விளக்கவுரையுடன் அது நூலாக வந்தபோது, ‘ஒரு கணிதக் கொள்கை’ என்றிருந்த தலைப்பு ‘கணிதக் கொள்கை’ என்றாயிற்று. வீவரின் விளக்கவுரை எவருக்கும் விளங்கும் நடையில் அமைந்தது. விளைவு யாதெனில், சமூகவியலாளரும் மொழியியலாளரும் வீவரை வாசித்துவிட்டு ஷனனை மேற்கோள் காட்டத் தொடங்கினர். இந்நிலை எவ்வளவு முற்றியதெனில், 1956இல் ஷனனே தம் கொள்கை பொருந்தாத இடங்களிலெல்லாம் பொருத்தப்படுவதாக எச்சரித்து ஒரு குறிப்பு எழுத நேர்ந்தது. எளிய விளக்கவுரைக்கு வேண்டிய இடமுண்டு. எனினும், அது மூலத்துடன் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டிருந்தால், வாசகர் பாதியில் நிறுத்திக்கொண்டும் முழுவதும் வாசித்ததாக எண்ணிவிடுவர்.

இனி இணையத்தின் காலத்துக்கு வருவோம். நூற்றெரிவு பற்றிய நம் வினா கூர்மையடைவது இங்கேதான்.

செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, பல வழிகளால் அனுப்பி, மறுமுனையில் மீண்டும் கோத்துக்கொள்ளும் முறை பற்றி போல் பரன் 1964இல் றான்ட் நிறுவனத்தின் அறிக்கைத் தொடராக எழுதினார். அதே ஆண்டில் லெனாட் கிளைன்றொக்கின் ஆய்வேடு நூலாயிற்று. ஆனால் 1969இல் ஆர்ப்பாநெற் அமைக்கப்படவிருந்தபோது அதிற் கணினிகள் ஒன்றோடொன்று எவ்வாறு உரையாட வேண்டும் என்பதைக் கூறும் நூல் எதுவும் இல்லை. அப்பணி சில பட்டப்பின் மாணவரிடம் வந்து சேர்ந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஸ்ரீவ் குரொக்கர் 1969 ஏப்பிரல் 7ஆந் திகதியிட்டு முதற் குறிப்பை எழுதினார். அதிகாரம் தொனிக்கக் கூடாதென்று கருதி அக்குறிப்புகளுக்குக் ‘கருத்துக் கோரிக்கை’ எனும் பணிவான பெயரைச் சூட்டினார். ஆங்கில முதலெழுத்துகளால் ஆர்.எவ்.சி. எனப்படுவன இவையே. எக்கருத்தையும் எழுதலாம், ஒரு வாக்கியமே போதும், மெருகு வேண்டியதில்லை என்பதும் அதே மாதத்திலேயே விதியாயிற்று. வலையமைப்பு இன்னும் பிறவாமையால் அக்குறிப்புகள் முதலில் தபாலிலேயே சென்றன என்பது சுவையான செய்தி. பின்னர் யொன் பொஸ்ரல் 1998இல் தாம் இறக்கும்வரை அவற்றின் பதிப்பாசிரியராயிருந்தார்.

வின்ற் சேர்ப், றொபேட் கான் ஆகிய இருவரும் 1974இல் வகுத்த முறை திருந்தி வளர்ந்து, 1981 செப்ரெம்பரில் ஆர்.எவ்.சி. 791, 793 என்னும் ஆவணங்களில் நிலைபெற்றது. 1983 சனவரி 1ஆந் திகதி ஆர்ப்பாநெற் முழுவதும் ரி.சி.பி./ஐ.பி. எனப்படும் அம்முறைக்கு மாறியது. இதே காலத்தில், சர்வதேச நியம நிறுவனம் வேறொரு பாதையிற் சென்றுகொண்டிருந்தது. திறந்த முறைமைகளை இணைப்பதற்கு ஏழு அடுக்குகள் கொண்ட ஒரு மாதிரியை அது 1984இல் நியமமாக வெளியிட்டது. ஐரோப்பிய அரசுகளும் தொலைத்தொடர்புத் திணைக்களங்களும் பெரிய கணினிக் கம்பனிகளும் அதனை ஆதரித்தன. ஐக்கிய அமெரிக்க அரசாங்கமும் 1990 முதல் தன் கொள்வனவுகளில் அதனைக் கட்டாயமாக்கியது. எதிர்காலம் ஏழு அடுக்குகளுக்கே உரியதென்று நம்ப அன்று போதிய நியாயம் இருந்தது.

அன்ட்ரூ தனன்பாம் 1981இல் வெளியிட்ட ‘கணினி வலையமைப்புகள்’ அந்நம்பிக்கையின் மீதே கட்டப்பட்டது. நியமம் வரைவு நிலையிலிருந்தபோதே, ஏழு அடுக்குகளையும் அடியிலிருந்து மேலாக அத்தியாயங்களாக்கி எழுதினார். தெளிவும் நகைச்சுவையும் நிறைந்த அந்நூல் உலகெங்கும் பரவிற்று. அதனூடாக ஒரு தலைமுறை மாணவர் ஏழு அடுக்குகளைக் கற்றனர். அமர்வு அடுக்கு என்றும் முன்வைப்பு அடுக்கு என்றும் இரு அடுக்குகள் உண்டெனப் பரீட்சைகளில் எழுதினர். ஆயினும் நடைமுறை வலையமைப்பில் அவ்விரு அடுக்குகளும் தனித்து இடம்பெறவில்லை. அமெரிக்க அரசாங்கம் 1995இல் அக்கட்டாயத்தைக் கைவிட்டது. 1996இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் தனன்பாம் ஐந்து அடுக்குகள் கொண்ட கலப்பு மாதிரியொன்றை மேற்கொண்டு, ஏழடுக்கு முறை தோற்றதன் காரணங்களையும் ஒளிவுமறைவின்றி ஆராய்ந்தார். நூலாசிரியர் பலரிடம் காணக் கிடையாத நேர்மை இது. ஆனால் நூலகத்திலிருந்த முதற் பதிப்பு தானாக மாறிக்கொள்ளாது. நம் நாட்டில் உயர்தர வகுப்பு மாணவர் ஏழு அடுக்குகளின் பெயரை இன்றும் மனனஞ் செய்கின்றனர். சொற்களை வகுத்துப் பேசுவதற்கு அம்மாதிரி உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. அதுவே இணையத்தின் அமைப்பு என்று எண்ணும்போதே தவறு நேர்கிறது.

இரு தரப்பின் ஆவணங்களும் வாசகரை நடத்திய முறையிலும் பெரும் வேறுபாடு இருந்தது. ஆர்.எவ்.சி. ஆவணங்களை வலையமைப்பில் எவரும் இலவசமாகப் பெறலாம். சர்வதேச நியமங்களையோ விலைகொடுத்து வாங்க வேண்டும். ஒரு மாணவரோ சிறியதொரு பல்கலைக்கழக நூலகமோ தாங்கக்கூடிய விலையன்று அது. 1991இல் கார்ள் மலமூட் என்பவர் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இணக்கத்துடன், ‘நீலப் புத்தகம்’ எனப்பட்ட அதன் நியமத் தொகுதிகளை இணையத்தில் வைத்தார். பல நாடுகளிலிருந்தும் வாசகர் திரண்டனர். சில மாதங்களில் ஒன்றியம் தன் இணக்கத்தை மீளப்பெற்றுக்கொண்டது. ஏழடுக்கு முறை தோற்றமைக்குத் தொழினுட்பக் காரணங்கள் பலவற்றைக் கூறுவர். வாசகர் கைக்கு எட்டாத ஆவணம் என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளல் தகும்.

அவ்வாறாயின், இலவசமாகக் கிடைக்கும் மூல ஆவணங்களே போதும், பாடநூல் வேண்டியதில்லை எனலாமோ? 1981இன் ஆர்.எவ்.சி. 793 எண்பத்தைந்து பக்கங் கொண்டது. ஒரு வாரத்தில் வாசித்துவிடலாம். அதனை மட்டும் வாசித்து வலையமைப்பை அமைத்தால் என்ன நிகழும் என்பதை 1986 ஒக்ரோபர் காட்டிற்று. பேர்க்கிலியில் ஏறத்தாழ 400 யார் தூரத்திலிருந்த இரு இடங்களுக்கிடையே செக்கனுக்கு 32,000 பிற் வீதம் சென்ற தரவு 40 பிற் அளவுக்கு வீழ்ந்தது. நெரிசல் ஏற்பட்டபோது ஒவ்வொரு கணினியும் தொலைந்த பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை மேலும் பெருக்கிற்று. இதற்கான பரிகாரத்தை வான் ஜேக்கப்சன் 1988இல் ஓர் ஆய்வுரையில் வெளியிட்டார். அதன்பின் உலகிலுள்ள ரி.சி.பி. செய்நிரல்கள் யாவும் அதனைத் தழுவின. 793ஆம் ஆவணத்திலோ அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆவணத்துக்கு முழுமையான மாற்றீடாக 9293 என்னும் எண்ணுடன் புதிய ஆவணம் வந்தது 2022 ஆகஸ்டில் ஆகும். இடைப்பட்ட நாற்பத்தொரு ஆண்டுகளிலும் மூலத்தை மட்டும் வாசித்தவர், எந்த இணைப்பு ஆவணங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டுமென்று சொல்லித்தர ஒருவரைத் தேடவேண்டியிருந்தது.

அப்பணியைச் செய்தவர்களுள் இருவர் முக்கியமானவர்கள். டக்ளஸ் கோமர் 1988இல் வெளியிட்ட நூல், ஏழடுக்கு முறையின் செல்வாக்கு உச்சத்திலிருந்த நாளிலேயே இணைய நெறிமுறைகளை மையமாக வைத்து எழுதப்பட்டது. மற்றவர் றிச்சட் ஸ்ரீவன்ஸ். 1994ஆம் ஆண்டுக்குரிய அவரது விளக்க நூலின் முதற் பாகம் ஒரு புதுமையான முறையைக் கைக்கொண்டது. நெறிமுறை இவ்வாறு இயங்கும் என்று கூறிவிட்டு அவர் அமைவதில்லை. உண்மையான வலையமைப்பொன்றிற் சென்ற பொதிகளை ஒரு செய்நிரலாற் பிடித்து, அவற்றை வரிவரியாக அச்சிட்டுக் காட்டுகிறார். எதிர்பார்த்தது நிகழாத இடங்களில் அதனையும் காட்டி, ஏன் என்று துருவுகிறார். அதே செய்நிரலைத் தம் கணினியில் ஓட்டும் மாணவர் ஆசிரியரின் கூற்றைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். அந்நூலிற் கூறப்பட்ட இயந்திரங்கள் இன்று நூதனசாலைக்குரியவை. ஆயினும் அது வாசிக்கப்படுகிறது. 2011இல் கெவின் ஃபோல் அதனைப் புதுக்கியும் தந்தார்.

கோட்பாட்டு நூல் நிலைக்கும், நடைமுறை நூல் அழியும் என்ற பொதுக்கருத்தை ஸ்ரீவன்சின் நூல் பொய்ப்பிக்கிறது. அதைப்போல் விவரங்களில் மூழ்கிய நூல் வேறொன்றில்லை. சான்றைக் கண்முன் வைத்து, அதனைச் சோதிக்கும் வழியையும் கூறுவதனாலேயே அது நிலைக்கிறது. 1861இன் விசாரணை அறிக்கையுடன் அதற்கு உறவுண்டு என்றே நான் கருதுகிறேன்.

உலகளாவிய வலையைக் கற்பித்த நூல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரிம் பேர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த அத்திட்டத்தை, ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் 1993 ஏப்பிரல் 30ஆந் திகதி யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விடுத்தது. அதற்கு முந்திய ஆண்டில் எட் குரோல் எழுதிப் பெரும் புகழ்பெற்ற இணைய வழிகாட்டியில் வலை பல கருவிகளுள் ஒன்றாகவே இடம்பெற்றது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏனைய கருவிகள் மறைய, வலை எஞ்சிற்று. பின்னர் வந்தது நூல்களின் வெள்ளம். இத்தனை நாளிற் கற்கலாம் என்று நாட்கணக்குச் சொல்லும் பெருந்தொகுதிகள் புத்தகக் கடைகளை நிறைத்தன. அவற்றுட் பல ஏதோவொரு கம்பனியின் உலாவியையோ கருவியையோ நம்பியிருந்தன. பிளாஷ் என்னும் அசைபடக் கருவிக்கு மட்டும் ஒரு தட்டு நிறையும் நூல்கள் எழுதப்பட்டன. 2020 டிசெம்பர் 31இல் அதனை வெளியிட்டுவந்த நிறுவனமே அதன் ஆதரவை நிறுத்தியபோது அத்தட்டு முழுவதும் கழிவாயிற்று. இதே காலத்தில், வலையின் செய்தி பரிமாற்ற நெறிமுறையை விளக்கிய 1996இன் ஆர்.எவ்.சி. 1945 அறுபது பக்கங்களே கொண்டது. அதன் விரிவுகளும் திருத்தங்களும் 2022 வரை வந்தபோதிலும், வேண்டுகோள், மறுமொழி, நிலையெண் என்னும் அதன் அடிப்படை மாறவில்லை. பக்க எண்ணிக்கைக்கும் பயனுக்கும் உறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அன்றைய மாணவர் பலர் இவ்விரண்டையும் விடுத்து, உலாவியில் ஒரு பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தே வலைப்பக்கம் எழுதக் கற்றனர் என்பதையும் மறத்தலாகாது.

நம்மவர் நிலையில் இத்தெரிவுக்கு மற்றுமொரு பரிமாணமும் உண்டு. பாடசாலையிற் தமிழிற் கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூலை எதிர்கொள்ளும் மாணவர் இரு சுமைகளை ஒருசேரத் தாங்குகின்றனர். அறிவியலைத் தமிழிற் தருவதில் இம்மண்ணுக்கு நீண்ட மரபுண்டு. 1847இல் இலங்கை வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிற் தமிழில் மருத்துவம் கற்பித்ததோடு, அதற்கு வேண்டிய நூல்களையும் கலைச்சொற்களையும் ஆக்குவித்தார். அரசகரும மொழித் திணைக்களம் பௌதிகவியல், இரசாயனவியல் முதலிய துறைகளுக்குச் சொற்றொகுதிகளை வெளியிட்டது; பல்கலைக்கழகத் தரத்து நூல்களையும் மொழிபெயர்த்தது. அம்மொழிபெயர்ப்புகள் பல இன்று பழைய பதிப்புகளாகிவிட்டன. சொற்றொகுதிகள் தந்த சொற்களோ நம் வகுப்பறைகளில் இன்றும் வழங்குகின்றன.

ஆகவே, இத்துறையிற் தமிழாக்கத்துக்கு ஒரு நூலைத் தெரிவதாயின் எதனைத் தெரிவது என்று கேட்போருக்கு என் விடை, கருவிகளைப் பயன்படுத்தக் கற்பிக்கும் கைந்நூல்களைத் தொடவேண்டாம் என்பதே. மொழிபெயர்ப்பு அச்சேறுமுன் மூலம் பழையதாகிவிடும். ஆர்.எவ்.சி. 791, 9293, 9110 ஆகிய மூன்றையும் எடுத்து, அவற்றின் கலைச்சொற்களுக்குத் தமிழ் விளக்கமும், ஒவ்வொரு பகுதியையும் மாணவர் தம் கணினியிற் சோதித்துப் பார்ப்பதற்கான பயிற்சியும் சேர்த்து ஓர் உரைநூல் எழுதலாம். உரையெழுதும் மரபு தமிழுக்குப் புதிதன்று. மூலம் இலவசமாகக் கிடைப்பது. கணினிப் பிரிவிலும் தமிழ்ப் பிரிவிலும் சிலர் ஓராண்டு கூடியிருந்தால் முடியக்கூடிய அளவினது.